ஹா ஸாங் போகலாமா? மலை, சந்தை, அப்புறம் ஒரு பாலியஸ்டர் துணி

10 நவம்பர் 2025
வாசகர் ஒருவர் கேட்டது: "வியட்நாமின் வடகோடி மலை மாகாணம் ஹா ஜியாங் போய் வந்தீர்களாமே. மூன்று நாள் போதுமா? அங்கே பழங்குடி மக்கள் எல்லாம் இப்போது டூரிஸ்ட்டுக்காக வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று என் அலுவலக நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? அப்படியென்றால் மலையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்."

10 நவம்பர் 2025, இரவு
மூன்று நாளில் சுற்றலாம், நிறையப் பேர் அப்படித்தான் சுற்றுகிறார்கள், ஆனால் எங்கேயும் இறங்கி நிற்க நேரம் இருக்காது. நான்கு நாள் வையுங்கள். ஹனோயிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். ரயில் இல்லை, விமானம் இல்லை, படுக்கைப் பேருந்துதான். ராத்திரி ஏறினால் தூக்கம் சொக்கும் நேரமான விடியற்காலை மூன்றரைக்கு இறக்கிவிடுவார்கள். என்னோடு வந்த மச்சானுக்கு உயரம் ஜாஸ்தி, படுக்கை அவர் முழங்காலோடு முடிந்துவிட்டது, மீதியை ஜன்னல் பக்கம் மடக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

விசா எளிது. இந்தியர்களுக்கு இ-விசா, ஒரு முறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை தங்கலாம்.

பாதை: ஹா ஸாங் ஊரில் தொடங்கி குவான் பா, யென் மின், டோங் வான், மேயோ வாக் என்று ஒரு வட்டம். சுமார் 350 கிலோமீட்டர். பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொண்டால் நீங்களே பைக் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை சா ஃபின் சந்தையை விட்டுவிடாதீர்கள், நான் நவம்பர் 2 ஞாயிறு அங்கே இருந்தேன், அப்படி ஒரு கூட்டம். வழியில் குழந்தைகள் நிற்பார்கள், பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

வேஷம் பற்றி: உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று சாவகாசமாக எழுதுகிறேன்.

11 நவம்பர் 2025
"ஹா ஜியாங்கா ஹா ஸாங்கா, ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்று ஒருவர். வடக்கு வியட்நாமில் அந்த 'ஜி' கிட்டத்தட்ட 'ஸ' மாதிரி ஒலிக்கிறது. நான் ஹனோய் பேருந்து நிலையத்தில் ஹா ஜியாங், ஹா ஜியாங் என்று கத்திப் பார்த்தேன், யாரும் திரும்பவில்லை. எழுதிக் காட்டியதும் "ஆ, ஹா ஸாங்!" என்றார்கள்.

இன்னொரு சங்கதி. மக்காச்சோளத்துக்கு வியட்நாமியப் பெயர் ஙோ. சத்தியமாக ங-வில்தான் தொடங்குகிறது. அரிச்சுவடியில் ஒரு வரிசை முழுக்க எழுதிவிட்டு அதன்பிறகு வாழ்க்கையில் தனியாகத் தொடாத எழுத்து. அங்கே உள்ள ஆற்றின் பெயர் ஞோ குவே. தமிழ் படித்த நாக்குக்கு இந்த இரண்டும் அல்வா. ஐரோப்பியர்கள் இதில்தான் திணறினார்கள்.

14 நவம்பர் 2025
முதல் குறிப்பில் ஒரு தப்பு. ஓட்டுநர் உரிமம்.

வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படி தரப்படும் பன்னாட்டு உரிமம். இந்தியாவில் தருவது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி சாம்பல் அட்டைப் புத்தகம்தான், ஆனால் நம்முடையது அங்கே செல்லாது. ஹா ஸாங்கில் சாலையில் நிறுத்தி இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அபராதம்கூடப் பரவாயில்லை, விழுந்து அடிபட்டால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும் என்பதுதான் பெரிய விஷயம். வாடகைக்கு பைக் தருகிறவர் "ஒன்றும் ஆகாது" என்றுதான் சொல்வார். அவருக்கு ஒன்றும் ஆகாது.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்றால், நான் ஓட்டவே இல்லை! உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வந்தோம். அதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். செங்குத்து வளைவில் எதிரே லாரி வரும்போது கண்ணை மூடிக்கொள்ளும் வசதி பின்னால் உட்கார்ந்தவனுக்கு மட்டும்தான் உண்டு. அப்படியே இன்னொன்று: ஓட்டுகிறவர் ரத்தத்தில் மது துளியும் இருக்கக் கூடாது என்று 2020 ஜனவரி முதல் சட்டம். ராத்திரி சோளச் சாராயம் ஊற்றிக்கொடுக்கும் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் வண்டியை எடுக்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

16 நவம்பர் 2025
சரி, வேஷத்துக்கு வருவோம்.

யென் மின் தாண்டியதும் தாம் மா என்று ஒரு ஏற்றம் வரும், படத்தில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், பாம்பு நெளிகிற மாதிரி சாலை. மேலே காட்சி முனை. நாங்கள் போனபோது ஹ்மோங் என்ற மலைப் பழங்குடியினரின் பாவாடை கட்டி, தலையில் பூ மாலை, முதுகில் கூடை என்று பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். உங்கள் நண்பர் சொன்ன வேஷம் இதுதான் என்று நினைத்தேன். மச்சான் படம் எடுக்கலாமா என்று கையால் கேட்டார். அந்தப் பெண் நல்ல ஆங்கிலத்தில், தாங்கள் ஹனோயிலிருந்து அலுவலகச் சுற்றுலா வந்திருப்பதாகவும், துணி வாடகைக்கு எடுத்தது என்றும் சொல்லிச் சிரித்தாள். கின் இனத்துப் பெண்கள். நாட்டில் சுமார் 85 சதவீதம் அவர்கள்தான். ஹா ஸாங்கில்தான் கணக்கு தலைகீழ்: ஹ்மோங் மக்களே மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் தை, ஸாவ், நுங், லா சி, ஸாய், லோ லோ, பூ பேயோ என்று போகிறது. லோ லோ மக்கள் நாடு முழுக்கச் சேர்த்தே 5,000 பேருக்கும் குறைவு, பூ பேயோ ஆயிரத்துக்கும் குறைவு.

ஆக, வேஷம் கட்டினது டூரிஸ்ட்டுகள். பாதி உண்மை என்றேனே, அது இந்தப் பாதி.

அங்கேயே ஒரு பாட்டியிடம் கைநெசவுத் துணி ஒன்று வாங்கினேன். நீலத்தில் வெள்ளைக் கோலம். பேரம் பேசி 150,000 டோங் (வியட்நாம் பணம்). பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி விளக்கில் காட்டினாள். சணல் வகை நூல் என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, கறுப்பாக ஒரு மணியாகி நின்றது. "பாலியஸ்டர்" என்றாள். மச்சான் பக்கத்திலேயே இருந்தார்: "அத்தான், அது பழங்குடி பாலியஸ்டர்."

16 நவம்பர் 2025, கொஞ்ச நேரம் கழித்து
மேலே எழுதியதைப் படித்தால் அந்தப் பாட்டி என்னை ஏமாற்றியது போல இருக்கிறது. அப்படி இல்லை. பிறகு டோங் வான் சந்தையில் பார்த்தேன், ஹ்மோங் பெண்கள் தாங்களே கட்டியிருந்த மடிப்புப் பாவாடைகளில் பெரும்பாலானவை அதே வழவழ துணி. இயந்திரத்தில் அச்சடித்தது, எல்லைக்கு அந்தப் பக்கம் சீனாவிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது. விலை குறைவு, துவைத்தால் சீக்கிரம் காயும், வண்ணம் பளிச்சென்று இருக்கும், அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. பாட்டி தான் கட்டுவதைத்தான் எனக்கும் விற்றார். கைநெசவு என்று அவர் சொல்லவே இல்லை, அவர் பேசியது எனக்குப் புரிந்தால்தானே! நானாக நினைத்துக்கொண்டேன்.

17 நவம்பர் 2025
"அப்ப நிஜமான துணி எங்கே கிடைக்கும்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

குவான் பா பக்கம் லுங் தாம் என்ற கிராமத்தில் ஹ்மோங் பெண்களின் நெசவுக் கூட்டுறவு இருக்கிறது. நார்ச்செடியை வெட்டிக் காயவைத்து, பட்டையை மெல்லிய நாராக உரித்து, இடித்து மிருதுவாக்கி, ஒரு நாரின் நுனியை அடுத்த நாரின் நுனியோடு விரலால் முறுக்கிச் சேர்க்கிறார்கள். முடிச்சு கிடையாது. அந்த வேலைக்குத் தனி நேரமும் கிடையாது. நடக்கும்போது, பேசும்போது, சந்தைக்குப் போகும்போது கையில் ஒரு நார்ச் சுருள் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் பார்த்த அம்மாள் எங்களுக்கு வழி காட்டியதுகூட முகவாயால்தான், கை ஓயவில்லை.

பிறகு ராட்டையில் முறுக்கேற்றி, சாம்பல் போட்டு வேகவைத்து வெளுத்து, நெய்து, கடைசியில் துணியை ஒரு மரக்கட்டை உருளையின் மேல் போட்டு, அதன்மேல் வழவழப்பான கல் பலகையை வைத்து, அந்தப் பலகையில் ஏறி நின்று இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்குமாக ஆடுகிறார்கள். இஸ்திரிதான், ஆளே பெட்டி. மச்சான் நானும் ஆடுகிறேன் என்று ஏறினார், இரண்டு நொடி நின்றார், இறங்கியது காலால் இல்லை. சுற்றியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

தேன்மெழுகை உருக்கி, உலோக முனைக் குச்சியால் கோலம் போட்டு, அவுரிச் சாயத்தில் திரும்பத் திரும்ப முக்குகிறார்கள். மெழுகு இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். ஒரு பாவாடைக்கு மாதக் கணக்கில் ஆகும். விலையைக் கேட்டால் தலை சுற்றும், வேலையைப் பார்த்த பிறகு கேட்டால் சுற்றாது. கைக்குட்டை அளவில் ஒன்று வாங்கினேன். இதை விளக்கில் காட்ட நான் விடவில்லை.

24 நவம்பர் 2025
மன்னிப்பு. பெரிய மன்னிப்பு.

என் பேச்சை நம்பி ஒரு வாசகர் நேற்று, ஞாயிறு, சா ஃபின் போயிருக்கிறார். சந்தை இல்லை. வெறும் திண்ணைகள், ஒரு நாய், அப்புறம் இவர். படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நாய் கேமராவைப் பார்க்கிறது.

ஹனோயில் வேலை செய்யும் இன்னொரு வாசகர் விளக்கினார். டோங் வான், மேயோ வாக் ஊர்ச் சந்தைகள்தான் ஒவ்வொரு ஞாயிறும். சா ஃபின் சந்தை கிழமைக் கணக்கு அல்ல, நாள் விலங்குக் கணக்கு. எலி, எருமை, புலி என்று 12 விலங்குகள் ஆண்டுக்கு மட்டுமல்ல, நாளுக்கும் உண்டு (சீனர்களுக்கு முயல் இருக்கும் இடத்தில் வியட்நாமியருக்குப் பூனை). சா ஃபினில் பாம்பு நாளும் பன்றி நாளும் சந்தை. பன்னிரண்டில் இரண்டு, ஆக ஆறு நாளுக்கு ஒரு முறை. வாரம் ஏழு நாள் என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரு கிழமை முன்னால் நகர்ந்துவிடும். இந்த ஞாயிறு என்றால் அடுத்தது சனி, அதற்கடுத்தது வெள்ளி. இதற்குப் பெயரே பின்வாங்கும் சந்தை. லுங் ஃபின் என்ற ஊரில் இதே முறை, ஆனால் புலி நாளும் குரங்கு நாளும்.

நான் போன நவம்பர் 2 பன்றி நாள். ஞாயிறாகவும் அமைந்தது. இரண்டும் சேர்வது 42 நாளுக்கு ஒரு முறைதான். அந்த ஒரு நாளைப் பார்த்துவிட்டு வந்து உங்களுக்கு ஊர் வழக்கம் சொல்லியிருக்கிறேன்.

25 நவம்பர் 2025
நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நான்கு பேர் விசாரித்திருக்கிறார்கள். அந்த வாசகரைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. அவர் கோபம் ஆறி, பக்கத்திலிருந்த வுவோங் மாளிகையைப் பார்த்துவிட்டு வந்தாராம். ஹ்மோங் அரசன் என்று சொல்லப்பட்ட வுவோங் சின் டுக், அபின் வியாபாரத்தில் சேர்த்த பணத்தில் கட்டியது. தூண்களின் அடிக்கல் அபின் காய் வடிவத்திலேயே இருக்கிறது, பணம் வந்த வழியை மறைக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

26 நவம்பர் 2025
சந்தையைப் பற்றிப் பேச்சு வந்ததால், நவம்பர் 2-இல் அங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு வண்டி ஓட்டிய தம்பி உள்ளூர்க்காரர், மொழிபெயர்ப்புக் கவலை இல்லை என்று நினைத்திருந்தேன். சா ஃபினில் ஒரு பாட்டி கரி அடுப்பில் பக்வீட் (buckwheat) ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். பக்வீட் என்றால் அக்டோபர், நவம்பரில் மலை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூக்கிறதே, படங்களில் வரும் அந்தச் செடி. அதன் மாவில் தட்டிய சாம்பல் நிற வட்ட ரொட்டி. தம்பி, விலை கேளேன் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். அவர் தை இனத்தவர், வீட்டில் தை, வெளியே வியட்நாமிய மொழி. பாட்டிக்குத் தெரிந்தது ஹ்மோங் மட்டும். நானும் தம்பியும் ஒரே ஊமை.

பாட்டி கவலைப்படவில்லை. மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார்: விலை இவ்வளவு. நீல நோட்டு. மச்சானும் ஒரு நீல நோட்டை எடுத்து நீட்டினார். பாட்டி வாங்காமல் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு நோட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பூஜ்யங்களின் மேல் விரலை ஓட்டிக் காட்டினார். அவருடையது 20,000. மச்சானுடையது 500,000, நாட்டின் மிகப் பெரிய நோட்டு. இரண்டும் நீலம், இரண்டும் பிளாஸ்டிக். இருபத்தைந்து மடங்கு கொடுக்கப் போனார் மனுஷன்.

அந்தச் சந்தையில் எங்களை வேடிக்கை பார்த்தவர்கள்தான் அதிகம். எங்களுக்காக யாரும் எதுவும் வைத்திருக்கவில்லை. பன்றிக்குட்டி, மண்வெட்டி, ரப்பர் செருப்பு, விதைச் சோளம், சார்ஜர் வயர். இதெல்லாம் எந்த டூரிஸ்ட் வாங்குவான்?

2 டிசம்பர் 2025
சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டுமா என்று கேள்வி. மச்சான் சைவம், அதனால் அனுபவம் நிறைய. "ஆன் சாய்" என்றால் சைவச் சாப்பாடு, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சோறு, டோஃபு, பூசணிக் கொழுந்துப் பொரியல், கடுகுக் கீரை, முட்டை சாப்பிட்டால் முட்டை. மீனை உப்பில் ஊறவைத்து வடித்த சாறான நுவோக் மாம் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும், அதை அவர்கள் மீன் என்று எண்ணுவதில்லை, உப்பு மாதிரி. டோங் வான் காலைப் பலகாரமான பான் குவோனை அரிசி மாவுத் தோசை என்று நம்பி உட்காராதீர்கள், உள்ளே இறைச்சி, தொட்டுக்கொள்ள எலும்பு ரசம்.

மென் மென் சாப்பிட்டுப் பாருங்கள். மக்காச்சோளத்தைக் கல் திருகையில் அரைத்து, ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, தண்ணீர் தெளித்து மறுபடி வேகவைத்தது. உதிர்ந்த புட்டு என்றே சொல்லலாம், ஆனால் தேங்காய், வாழைப்பழம் எதுவும் கிடையாது, தொண்டையில் நிற்கும், கீரைச் சாறு ஊற்றித்தான் இறக்க வேண்டும். முதல் வாயில் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அந்தச் சோளம் விளையும் இடத்தைப் பார்த்தேன். நிலமே இல்லை, கூர்கூராகக் கருங்கல் போலச் சுண்ணாம்புப் பாறை. இடுக்குகளில் கூடையால் மண் சுமந்து கொட்டி, ஒரு குழிக்கு இரண்டு மூன்று விதை. காற்று, மழை அடித்துப் போகாமல் இருக்கச் சுற்றிக் கல் அடுக்கியிருக்கிறார்கள். டோங் வான் பாறைப் பீடபூமியை 2010-இல் உலகப் புவிப் பூங்கா வலையமைப்பில் சேர்த்தார்கள், வியட்நாமில் அதுதான் முதலாவது. அறிவிப்புப் பலகை கல்லின் வயதைச் சொல்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தது மண் கூடை சுமந்த பெண்ணின் கழுத்தை.

9 டிசம்பர் 2025
முதல் குறிப்பின் மூன்றாவது தப்பு: மிட்டாய். அந்த வரியைப் படிக்காததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தாம் மா மேலே மச்சான் ஐந்து குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார், இருபது பேர் ஆனார்கள். முதுகுக் கூடையில் பூவோடு நிற்கும் ஆறேழு வயதுப் பிள்ளைகள், படம் எடுத்தால் காசு. அன்று வெள்ளிக்கிழமை, மணி பதினொன்று. பள்ளி நேரம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை, படங்களின் தேதியை அடுக்கும்போதுதான் உறைத்தது. என் பெண் அந்த நேரத்தில் வகுப்பில் இருந்திருப்பாள். எங்களைப் போலப் பஸ் பஸ்ஸாக வந்து கொடுப்பதால்தான் அங்கே நிற்கிறார்கள்.

கொடுக்காமல் போனால் மட்டும் சரியாகிவிடுமா என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். தெரியாது ஐயா. நான் மறுபடி போனால் கொடுக்க மாட்டேன், அவ்வளவுதான்.

20 டிசம்பர் 2025
ஒரு திருத்தம், பெயரிலேயே. 2025 ஜூலை 1 முதல் ஹா ஸாங் என்று தனி மாகாணம் கிடையாது. 63 மாகாணங்களை 34 ஆக்கியபோது அதைப் பக்கத்து துயென் குவாங்கோடு சேர்த்துவிட்டார்கள், மாவட்டங்களையும் எடுத்துவிட்டார்கள். முகவரியில் துயென் குவாங் என்று வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறாதீர்கள். ஊர்க்காரர்கள் இன்னும் ஹா ஸாங் என்றுதான் சொல்கிறார்கள்.

சாலையைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். அதன் பெயர் மகிழ்ச்சிச் சாலை. 1959-இல் தொடங்கி 1965-இல் முடித்தது, சுமார் 185 கிலோமீட்டர், பெரும்பாலும் கையால். மா பீ லெங் செங்குத்துப் பாறையில் மட்டும் பதினொரு மாதம், இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு வெடிக்குழி தோண்டியிருக்கிறார்கள். நான் அதே இடத்தில் காப்பி குடித்துக்கொண்டு கீழே ஞோ குவேயின் பச்சையைப் பார்த்தேன். தடுப்புச் சுவரைத் தாண்டிப் படம் எடுக்கும் ஆசை வந்தால் அந்தக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

வடகோடி லுங் கூவில் கொடிக்கோபுரம். கொடி 54 சதுர மீட்டர், நாட்டின் 54 இனங்களுக்காக. அந்த 54 என்ற பட்டியலை அரசு வெளியிட்டது 1979-இல். அதே ஆண்டு பிப்ரவரியில் சீனப் படை இந்த எல்லையைத் தாண்டியது. திரும்பும் வழியில் வி சுயென் போர்வீரர் கல்லறை, சுமார் 1,800 சமாதிகள், பெரும்பாலும் 1984-க்குப் பிந்தைய எல்லைச் சண்டையில் இறந்தவர்கள். பலவற்றில் பெயர் இல்லை. வண்டி ஓட்டிய தம்பி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் போய் ஊதுவத்தி ஏற்றினார். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

8 ஜனவரி 2026
முதல் கேள்வி கேட்டவர் டிக்கெட் போட்டுவிட்டாராம், மாதக் கடைசியில் போகிறார். சா ஃபின் சந்தை எப்போது என்று இந்த முறை கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன், விரல் விட்டு இரண்டு தடவை எண்ணினேன்: 13 செவ்வாய், 19 திங்கள், 25 ஞாயிறு. ஆமாம், 25 மறுபடியும் அந்த 42-ஆவது நாள். அன்று டோங் வான் சந்தையை விடியற்காலை பார்த்துவிட்டு, பத்து மணிக்கு சா ஃபின் வந்துவிடுங்கள். 'டெட்' எனப்படும் வியட்நாமியப் புத்தாண்டு பிப்ரவரி 17, அதனால் கூட்டம் தாங்காது.

குளிர் கடுமையாக இருக்கும், கையுறை கட்டாயம். 20,000 நோட்டுகளைத் தனிப் பையில் வையுங்கள். நாயைப் பார்த்தால் ஒரு படம் அனுப்புங்கள்.